காஞ்சிக்கு வந்த சின்ன ரயில்

செங்கல்பட்டு சந்திப்பில் நிற்கும் பெரும்பாலான பயணிகளுக்கு இரண்டே திசைகள்தான். வடக்கே தாம்பரம், எழும்பூர். தெற்கே மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம். இந்தப் பெரிய பாதையிலிருந்து ஒரு தடம் வடமேற்காகப் பிரிகிறது. ரெட்டிப்பாளையம், வில்லியம்பாக்கம், பழையசீவரம், வாலாஜாபாத், நத்தப்பேட்டை என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்களைத் தொட்டபடி காஞ்சிபுரம் போகிறது. அங்கிருந்து திருமால்பூர், தக்கோலம் வழியாக அரக்கோணத்தில் பம்பாய்ப் பாதையோடு சேர்கிறது. மொத்தம் சுமார் 65 கிலோமீட்டர்.

இதில் அரக்கோணம் – காஞ்சிபுரம் பகுதிக்கு 160 வயதாகிவிட்டது. செங்கல்பட்டு வழியாகத் தெற்கே போகும் பெரிய பாதையைவிட அது பதினோரு ஆண்டு மூத்தது. தென்னிந்தியாவில் அகலப்பாதையை விட்டு விலகி, குறுகலாகப் போடப்பட்ட முதல் பயணிகள் ரயில்பாதையும் அதுதான். மூன்று வெவ்வேறு அகலங்களில் அதன்மேல் ரயில் ஓடியிருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு ரயில் அதற்கு முன்பே அறிமுகம்தான். அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த செங்குன்றத்தில் கேப்டன் ஆர்தர் காட்டன் 1837-லேயே ஒரு ரயில்பாதை போட்டிருந்தார். சென்னையில் சாலை போடுவதற்குச் செம்பாறைக் கல்லைச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. சில ஆண்டுகளிலேயே அது மறைந்துபோனது. பயணிகளுக்கான ரயில் வர 1856 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை ஓட்டியது. அரக்கோணம் ரயில் வரைபடத்தில் இடம்பிடித்தது அப்போதுதான்.

அந்தப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர் இடைவெளி. டல்ஹௌசி பிரபுவின் காலத்தில் இந்தியாவுக்கென்று முடிவான அகலம் அது. இங்கிலாந்தில் வழக்கமாக இருந்ததைவிடப் பெரியது. அகலமான பாதையில் பெரிய வண்டி, கனமான எஞ்சின், நிறைய சரக்கு என்று எல்லாமே பெரிதாக இருந்தன. செலவும் அப்படியே. மைலுக்கு 8,000 பவுண்டு ஆகும் என்று டல்ஹௌசி கணக்குப் போட்டார். நடைமுறையில் அது இரண்டு மடங்கையும் தாண்டியது.

செலவு ஏறினாலும் கம்பெனிக்காரர்களுக்குக் கவலை இல்லை. பாதை போட முதலீடு செய்த லண்டன் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் மிச்சத்தை இந்திய கஜானா ஈடுகட்டும். அந்தக் கஜானாவை நிரப்பியது பெருமளவுக்கு விவசாயி கட்டிய நிலவரி. சிக்கனமாகப் பாதை போட வேண்டும் என்ற அக்கறை கம்பெனிக்கு எங்கிருந்து வரும்? 1860-களின் தொடக்கத்தில் இந்தக் கேள்வி பலமாக எழுந்தது. பெரிய பாதைகளை மேலும் மேலும் போடுவதை விட்டு, அவற்றுக்குக் கிளையாக மலிவான, இலேசான பாதைகளைப் போட்டால் என்ன? அதுவும் அரசு உத்தரவாதம் இல்லாமல், தனியார் தங்கள் சொந்தப் பொறுப்பில் போட்டால் என்ன?

இந்த யோசனையோடு 1862-ல் லண்டனில் பிறந்ததுதான் இந்தியன் டிராம்வே கம்பெனி.

பெயரில் டிராம் இருந்தாலும் நகரத் தெருவில் மணியடித்துக்கொண்டு போகும் வண்டி அதன் திட்டத்தில் இல்லை. இலேசான தண்டவாளம், சின்ன வண்டிகள், ஊர்களை மெயின் லைனோடு இணைக்கும் குறுகிய தூரப் பாதைகள் என்பதே திட்டம். முதல் சோதனைக்குத் தேர்வான இடம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை 19 மைல். அகலம் 3 அடி 6 அங்குலம், அதாவது 1,067 மில்லிமீட்டர். 1865-ல் ரயில் ஓடத் தொடங்கியது.

இந்தப் பாதைக்குப் பின்னால் இருந்த பொறியாளர் சாதாரணப்பட்டவர் அல்லர். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்காக இரும்பாலும் கண்ணாடியாலும் எழும்பிய கிரிஸ்டல் பேலஸைக் கட்டிய கம்பெனியின் பங்குதாரர் சர் சார்லஸ் ஃபாக்ஸ். ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறிப் போக உதவும் ‘பாயிண்ட்’ அமைப்புக்கு ஆரம்ப காலத்திலேயே காப்புரிமை பெற்றவரும் அவர்தான். பிற்காலத்தில் மகன்களோடு சேர்ந்து ஆலோசனைப் பொறியாளராக இருந்தபோது குறுகிய பாதைகளை ஆழ்ந்து ஆராய்ந்தார். ஜார்ஜ் பெர்க்லி என்ற பொறியாளரோடு சேர்ந்து அவர் இந்தியாவில் போட்டது இந்தக் காஞ்சிப் பாதை.

பாதை குறுகினால் செலவு ஏன் குறைகிறது? இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே அரை மீட்டர் மண்ணை மிச்சப்படுத்துவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். மிச்சமாவது மண்ணில் இல்லை, எடையில். அகலம் குறைந்தால் வண்டி சின்னதாகும். வண்டி சின்னதானால் ஒவ்வொரு சக்கர அச்சும் தண்டவாளத்தின் மேல் வைக்கும் பாரம் குறையும். பாரம் குறைந்தால் இலேசான தண்டவாளம் போதும். ஸ்லீப்பர் கட்டை குட்டையாக இருக்கலாம். பாலத்துக்கு அவ்வளவு இரும்பு வேண்டாம். அந்தக் காலத்தில் தண்டவாளம் முழுவதும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்க வேண்டும். ஆகவே இரும்பின் எடை குறைந்தால் கப்பல் கூலியும் குறைந்தது. இந்தியாவின் தொடக்ககால மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதைகளில் கெஜத்துக்குச் சுமார் 40 பவுண்டு எடையுள்ள தண்டவாளம் போட்டார்கள். இன்றைய கணக்கில் அது மீட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோ. இப்போது அகலப்பாதையில் போடும் தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ.

மலைநாட்டில் குறுகிய பாதைக்கு இன்னொரு லாபமும் உண்டு. வளைவுகளைக் கூர்மையாகப் போடலாம். குன்றைக் குடையாமல் சுற்றிக்கொண்டு போகலாம். அரக்கோணத்துக்கும் காஞ்சிக்கும் நடுவே குன்றுகள் இல்லை. ஏரிகளும் வயல்களும் நிறைந்த சமவெளி அது. பாதை தொட்டுப்போகும் தக்கோலத்தில்தான் 949-ல் சோழ இளவரசன் ராஜாதித்தன் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு போரிட்டு யானைமேலேயே உயிர் விட்டான். யானைப் படைகள் மோதிக்கொள்ள வசதியான அந்தத் தரை, ரயிலுக்கும் வசதியாக இருந்தது.

1865 என்ற ஆண்டை உலக வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் காஞ்சிப் பாதையின் இடம் இன்னும் தெளிவாகத் தெரியும். நார்வேயில் கார்ல் ஆப்ரகாம் பீல் என்ற பொறியாளர் 3 அடி 6 அங்குலப் பாதையைப் போட்டு ரயிலை ஓட்டிக் காட்டி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கற்பலகை ஏற்றிக்கொண்டிருந்த ஃபெஸ்டினியோக் என்ற இரண்டடி அகலக் குட்டி ரயில், முறைப்படி பயணிகளை ஏற்ற ஆரம்பித்தது 1865 ஜனவரியில். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தன் முதல் ரயில்பாதையை 3 அடி 6 அங்குலத்தில் திறந்தது அதே ஆண்டு ஜூலையில். அதற்கும் ஆலோசகர் ஃபாக்ஸ்தான். அதே அகலம் பிறகு நியூசிலாந்து, ஜப்பான், தென்னாப்பிரிக்கா என்று பரவியது. ஜப்பானின் பழைய ரயில்பாதைகளும் தென்னாப்பிரிக்காவின் பெரும்பாலான பாதைகளும் இன்றும் அந்த அகலத்தில்தான் இருக்கின்றன. ஆக, காஞ்சிபுரத்துக்கு வந்த ரயிலை ஏதோ ஒதுக்குப்புறத்தில் கிடந்த விளையாட்டுச் சாமானாக நினைப்பது தவறு. உலகமே அப்போது செய்துகொண்டிருந்த பெரிய சோதனையின் முன்வரிசையில் அது நின்றது.

இந்தியாவுக்குள்ளும் அதற்குக் கூட்டாளிகள் இருந்தார்கள். பரோடா சமஸ்தானத்தில் கெய்க்வாட் மன்னர் 1862-ல் டபோய்க்கும் மியாகாமுக்கும் இடையே இரண்டரை அடி அகலத்தில் பாதை போட்டு, மாடுகளைக் கட்டி வண்டியை இழுக்க வைத்தார். எஞ்சின்கள் முறையாக ஓடத் தொடங்கியது பிற்காலத்தில்தான். வங்காளத்தில் நல்ஹாட்டி – அசிம்கஞ்ச் பாதை 1863-ல் நான்கடி அகலத்தில் ஓடத் தொடங்கியது. மூன்று இடம், மூன்று அகலம். ஒருவர் வண்டி இன்னொருவர் பாதையில் ஓடாது. ஓட வேண்டும் என்று அப்போது யாரும் நினைக்கவும் இல்லை.

இனி அரக்கோணத்துக்கு வருவோம். காஞ்சிப் பாதையின் பலவீனம் அங்கேதான் இருந்தது.

காஞ்சிபுரம் அன்றைக்கே பெரிய ஊர். பட்டும் பருத்தியும் நெய்யும் தறிகள், சுற்றிலும் நெல் விளையும் ஏரிப்பாசன நிலம், வைகாசி கருட சேவைக்குத் திரளும் கூட்டம் என்று ரயிலுக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. ஆனால் ஊரின் வியாபாரம் பார்த்தது சென்னையை. சாலை வழியாகச் சென்னை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் மூட்டைகளை ஏற்றிக் கயிற்றால் கட்டிவிட்டால், ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி வழியாக நேரே கொத்தவால் சாவடியிலோ வண்ணாரப்பேட்டையிலோ போய்த்தான் அவிழ்ப்பார்கள். ரயிலில் போனால்? முதலில் வடக்கே அரக்கோணம் வரை சின்ன வண்டியில் 30 கிலோமீட்டர்; பிறகு அங்கிருந்து கிழக்கே சென்னைக்குப் பெரிய வண்டியில் 69 கிலோமீட்டர். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சுற்று வழி.

சுற்று வழியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ரயில் வேகமாகப் போகும் அல்லவா? நடுவில் ஏற்றி இறக்குவதுதான் சிக்கல். இரண்டு அகலம் சந்திக்கும் எந்த ஸ்டேஷனிலும் ஒரு நீளமான கொட்டகை இருக்கும். ஒரு பக்கம் சின்ன வண்டி, மறுபக்கம் பெரிய வண்டி. நடுவில் மேடை. சின்ன வண்டியின் கதவைத் திறந்து, மூட்டை மூட்டையாக முதுகில் ஏற்றி, மேடையைக் கடந்து, பெரிய வண்டிக்குள் அடுக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டு எழுத வேண்டும், எண்ணிச் சரிபார்க்க வேண்டும். கொக்கி போட்டுத் தூக்கும்போது சாக்குக் கிழிந்து நெல் சிந்தும். மழை வந்தால் துணிப் பொதி நனையும். எதிர் வண்டி வந்து சேரவில்லையென்றால் சரக்கு கொட்டகையிலேயே கிடக்கும். இத்தனைக்கும் கூலி, கமிஷன், சேதாரம் எல்லாம் வியாபாரி தலையில். 500 கிலோமீட்டர் போகும் சரக்குக்கு இந்தச் செலவு கரைந்துபோகும். 100 கிலோமீட்டர் போகும் சரக்குக்கு லாபத்தையே தின்றுவிடும்.

குறுகிய பாதையின் தோல்வி என்று இதைச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பு நியாயம் இல்லை. பாதை எவ்வளவு அகலம் என்பதைவிட, அது எங்கே போய் முடிகிறது, முடியும் இடத்தில் எதற்காக இறங்க வேண்டியிருக்கிறது என்பதே முக்கியம். குயின்ஸ்லாந்திலும் இதே மூன்றரை அடிதான். அங்கே அதுவே மெயின் லைன். இறங்கி ஏற வேண்டிய இன்னொரு அகலம் குறுக்கே இல்லை, ஆகவே அது வளர்ந்தது. காஞ்சிப் பாதை 19 மைல் தூரம் போய் அகலப்பாதையில் முட்டி நின்றது. மறு முனை காஞ்சிபுரத்தோடு சரி, அதற்குமேல் எங்கும் போகவில்லை.

கம்பெனிக்கும் இது புரிந்திருக்க வேண்டும். தெற்கே கடலூர் வரை பாதையை நீட்டும் எண்ணம் அதற்கு வந்தது. நீட்டப் பணம் வேண்டும். உத்தரவாதம் இல்லாமல் லண்டனில் யாரும் பணம் போடத் தயாராக இல்லை. உத்தரவாதம் இல்லாத சொந்த முயற்சி என்ற கொள்கை அத்தோடு போயிற்று. கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு கர்நாடிக் ரயில்வே ஆனது. ஆற்காட்டு நவாபுகள் ஆண்ட தமிழ்நாட்டுச் சமவெளிக்கு அன்று ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் அது. வங்காளத்தின் நல்ஹாட்டிக் கம்பெனியும் இதே போலப் பெயர் மாறி, உத்தரவாதத்தின் நிழலுக்குள் போனது.

தெற்கே இன்னொரு கம்பெனி இருந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை 1860-களின் தொடக்கத்தில் அகலப்பாதை போட்டு, பிறகு கரூர் வழியாக ஈரோடு வரை போயிருந்தது. இந்தப் பெரிய கம்பெனியும் காஞ்சியின் சின்னக் கம்பெனியும் ஒன்றாக இணைந்து 1874-ல் உருவானதுதான் சவுத் இந்தியன் ரயில்வே, நம் தாத்தா பாட்டிமார் எஸ்.ஐ.ஆர். என்று சொன்ன ரயில். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழகத்தின் பாதிக்கு மேல் ஓடிய அந்த ரயில்வேயின் வம்சாவளியில், அரக்கோணம் – காஞ்சிபுரம் என்ற 19 மைல் ஒரு பாட்டன்.

இணைந்த இரண்டு கம்பெனிகளிடமும் இரண்டு அகலம். ஒன்றிடம் ஐந்தரை அடி, மற்றொன்றிடம் மூன்றரை அடி. எது மிஞ்சியது? இரண்டுமே இல்லை.

காரணம், 1870-ல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு எடுத்த முடிவு. புதிதாகப் போடும் பாதைகளை மலிவாகப் போட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒப்புதல் இருந்தது. எவ்வளவு குறுகலாக என்பதில்தான் சண்டை. ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி உள்ளிட்டோர் 2 அடி 9 அங்குலம் போதும் என்றார்கள். புகழ்பெற்ற பொறியாளர் ஜான் ஃபௌலர் 3 அடி 6 அங்குலம் வேண்டும் என்றார். காஞ்சிபுரத்தில் ஏற்கெனவே ஐந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த அகலம் ஃபௌலர் சொன்னதுதான். மேயோ இரண்டுக்கும் நடுவில் போய் நின்றார். இந்தியாவில் மெட்ரிக் அளவைகளைக் கொண்டுவரும் யோசனை அப்போது பலமாக இருந்ததால், நடுவில் வந்த 3 அடி 3 அங்குலத்தைச் சற்றே கூட்டி முழு ஒரு மீட்டர் ஆக்கிவிட்டார்கள். மெட்ரிக் அளவை இந்தியாவுக்கு உண்மையில் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். மீட்டர் கேஜ் மட்டும் எண்பது ஆண்டு முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டது. 1873-ல் டெல்லி – ரேவாரி பாதை அந்த அகலத்தில் திறந்தது. பிறகு பர்மா, மலாயா என்று பரவியது. 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை திறந்த மலாயாவின் முதல் ரயில்பாதையும் மீட்டர் கேஜ்தான். அந்த நாட்டின் ரயில்பாதைகளில் தமிழர்கள் சிந்திய வியர்வை தனிக் கதை.

1,067-க்கும் 1,000-க்கும் வித்தியாசம் 67 மில்லிமீட்டர். விரலைப் பக்கவாட்டில் வைத்து அளந்தால் நான்கு விரல்கூட வராது. ரயிலுக்கு அந்த நான்கு விரல் பெரிய பள்ளம். ரயில் சக்கரத்தின் உள்பக்கத்தில் ஒரு விளிம்பு உண்டு. அது தண்டவாளத்தின் உள்பக்கத்தை ஒட்டி ஓடுவதால்தான் வண்டி தடம் புரளாமல் போகிறது. 3 அடி 6 அங்குலச் சக்கரத்தை மீட்டர் பாதையில் வைத்தால் அந்த விளிம்பு தண்டவாளத்தின் தலைமேலேயே ஏறி நிற்கும். சக்கரத்தை அச்சிலிருந்து கழற்றி உள்ளே தள்ளிப் பொருத்தாமல் ஓர் அடிகூட நகராது. பாதையிலும் அப்படித்தான். ஒரு பக்கத் தண்டவாளத்தின் ஆணிகளை வரிசையாகப் பிடுங்கி, தண்டவாளத்தைக் கடப்பாரையால் நெம்பி 67 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, புதிய இடத்தில் ஆணி அடிக்க வேண்டும். இப்படி 19 மைல். ஸ்டேஷன்களில் பாயிண்டுகளை மொத்தமாகவே மாற்ற வேண்டும்.

எஸ்.ஐ.ஆர். அந்த வேலையைச் செய்தது. 1870-களின் பிற்பகுதியில் காஞ்சிப் பாதை மீட்டர் கேஜ் ஆனது. நாகப்பட்டினம், திருச்சி, ஈரோடு என்று அகலமாகக் கிடந்த பாதையையும் அதே பத்தாண்டில் சுருக்கி மீட்டர் ஆக்கினார்கள். அதில் திருச்சி – ஈரோடு பகுதியை 1929-ல் மறுபடி அகலமாக்க வேண்டி வந்தது. ஒரே தரையில் மூன்று முறை தண்டவாளம் போடும் செலவை இந்த நாட்டு மக்கள்தான் சுமந்தார்கள்.

மீட்டர் கேஜில் தென்னாட்டை நோக்கிப் போட்ட பெரிய பாதை, சென்னையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாகத் திண்டிவனம் வரை 1876-ல் திறந்தது. அது தாது வருஷப் பஞ்சத்தின் தொடக்கம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கரையை ஒட்டி வந்த தண்டவாளம் பழைய கோட்டையின் ஊடாகவே போனது. விஜயநகர காலத்துக் கோட்டை, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்த கோட்டை, ரயிலுக்கு வழிவிட்டுச் சிதைந்தது. வேறு வழியில் பாதையைக் கொண்டுபோயிருக்கலாம். அந்தக் காலத்தில் கோட்டைச் சுவரை வரலாறாகப் பார்த்தவர்கள் குறைவு.

அடுத்த சில ஆண்டுகளில் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத், பழையசீவரம் வழியாகப் பாதை செங்கல்பட்டை எட்டியது. பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில்தான் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல். பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே நடந்த ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையின் கல்வெட்டு, மருத்துவர் முதல் மருந்து வரை வரிசையாகப் பேசும். ரயிலில் போகிறவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர்.

முட்டுச் சந்தாக இருந்த பாதை இப்போது இரண்டு முனையும் திறந்த பாதை ஆனது. காஞ்சிபுரத்து மூட்டை செங்கல்பட்டு வழியாக, எங்கும் இறக்கி ஏற்றாமல், அதே வண்டியிலேயே எழும்பூருக்கும் போகலாம், கும்பகோணத்துக்கும் மதுரைக்கும் போகலாம். பம்பாய்ப் பக்கமிருந்து வரும் ராமேஸ்வர யாத்ரீகர் சென்னைக்குள் நுழையாமலே அரக்கோணத்தில் மாறி, காஞ்சியில் வரதரையும் ஏகாம்பரரையும் தரிசித்துவிட்டு, செங்கல்பட்டில் தென்னாட்டு ரயிலைப் பிடிக்கலாம். செங்கல்பட்டில் இறங்கி மாட்டு வண்டியில் 14 கிலோமீட்டர் போனால் திருக்கழுக்குன்றம். பட்சி தீர்த்தம் என்று வடநாட்டார் சொல்லும் அந்த மலைக்கு, உச்சி வேளையில் வந்த கழுகுகளைப் பார்க்கவே அந்நாளில் கூட்டம் போனது.

அதையும் தாண்டி இன்னொரு 15 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அங்கே ரயில் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

கடற்கரைக்கு வேறு வழி இருந்தது. பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னைக்கு வடக்கே ஒரு தனியார் கால்வாயாகத் தொடங்கி, படிப்படியாகத் தெற்கே நீண்டு, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரையை ஒட்டி 1882-ல் மரக்காணத்தை எட்டியது. சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டைத் தோண்டியது தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழைகள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. உப்பு, விறகு, நெல், சவுக்கு எல்லாம் அதில்தான் போயின. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் நடந்துகொண்டே ஆட்கள் கயிற்றால் படகை இழுப்பார்கள். கடற்கோயிலையும் ரதங்களையும் பார்க்க வந்த வெளிநாட்டுப் பயணிகள் பலர் அந்தப் படகிலேயே வந்தார்கள்.

சரக்குக்குக் கால்வாய் இருக்கும்போது, முட்டுக்காட்டு உப்பங்கழியையும் பாலாற்று முகத்துவாரத்தையும் கடந்து பாலம் கட்டிக் கடலோரமாக ரயில் விட வேண்டிய அவசரம் எஸ்.ஐ.ஆருக்கு இல்லை. பிறகு கால்வாய் தூர்ந்தது. புயல்கள் அடித்து அதன் போக்குவரத்தை முடித்தன. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ரயில்பாதை போடும் திட்டம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ரயில்வே பட்ஜெட்டில் இடம் பிடித்தது. தண்டவாளம் இன்னும் வரவில்லை. ரயிலில் வரும் மாமல்லபுரப் பயணி இன்றும் செங்கல்பட்டில் இறங்கிப் பஸ் ஏறுகிறார்.

மீட்டர் கேஜாகக் காஞ்சிப் பாதை நூறு ஆண்டுக்கு மேல் உழைத்தது. இரண்டு அகலமும் சந்திக்கும் இடமாக அரக்கோணம் அப்போதும் தொடர்ந்தது. கொட்டகையில் மூட்டை மாற்றும் வேலையும் தொடர்ந்தது. அந்த வேலை ஓய்ந்தது, நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற கொள்கையில் இந்தப் பாதையையும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அகலப்பாதையாக மாற்றியபோதுதான். 1,067 மில்லிமீட்டரில் தொடங்கி, 1,000-க்குச் சுருங்கி, கடைசியில் 1,676-க்கு விரிந்திருக்கிறது அரக்கோணம் – காஞ்சிபுரம்.

அகலமானதும் மின்மயம் ஆகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம் 1992-ல் வந்திருந்தது. விமானம் ஏறி இறங்கும் வழிக்குக் கீழே, தக்கோலம் அருகில் ரயில்பாதை போனது. உயரமான மின்கம்பங்களை அங்கே நட முடியாது. அந்தத் துண்டில் பாதையையே விலக்கிப் போட்ட பிறகுதான் மின்சார ரயில் முழுத் தூரமும் ஓட முடிந்தது. 2019-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் வழியாகச் சுற்றி மீண்டும் கடற்கரைக்கே வரும் வட்ட ரயில் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழும் அத்தி வரதரைக் காண 48 நாள் காஞ்சிபுரத்தில் ஜனத்திரள். பஸ் ஸ்டாண்டுகள் திணறிய அந்த நாட்களில் சிறப்பு ரயில்கள் இந்தப் பாதையில்தான் கூட்டத்தை ஏற்றி இறக்கின. அன்று கம்பெனிக்காரர்கள் காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்தபோது கண்ட கணக்கு, கூட்டத்தைப் பொறுத்தவரை, சரியானதுதான்.

சரக்குக் கணக்கும் இப்போது நேராகியிருக்கிறது. வடக்கேயிருந்து வரும் கூட்ஸ் வண்டிகள் சென்னை நெரிசலுக்குள் போகாமல் அரக்கோணத்தில் திரும்பிக் காஞ்சி வழியாகத் தெற்கே போகின்றன. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கார் தொழிற்சாலைகளின் ஊர்களாக ஆன பிறகு, நவாபின் பெயரைத் தாங்கி ஒருகாலத்தில் ஆங்கிலேயப் பட்டாளம் தங்கியிருந்த வாலாஜாபாத், ரயிலில் கார் ஏற்றும் ஸ்டேஷனாக மாறியது. தொழிற்சாலையிலிருந்து வரும் புதுக் கார்களை ஓட்டுநர்கள் சரிவுப் பலகை வழியாக ஒவ்வொன்றாக வேகனுக்குள் ஓட்டிப்போய் நிறுத்துகிறார்கள். சக்கரங்களைக் கட்டி, கதவைச் சாத்தி, சீல் வைக்கிறார்கள். அந்த வேகன்கள் அரக்கோணத்தில் நிற்காமல் கடந்து, அதே அச்சில் அதே சக்கரத்தில் வடநாட்டுக்குப் போகின்றன.